வாசலோடு நிற்க வேண்டிய வருமானச் சோதனை

பொது நன்மைக்கெனக் கட்டப்பட்டு, சந்தை விலையைவிடக் குறைந்த வாடகைக்கு விடப்படும் வீட்டில் யார் குடியேறலாம் என்பது ஒரு கேள்வி. குடியேறியவருடைய வருமானம் பின்னாளில் உயர்ந்தால் அந்த வீட்டின் மீது அவருக்குள்ள உரிமை என்ன ஆகும் என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் கொள்கை, எளியோருக்கு வீடு தருவதாகச் சொல்லிக்கொண்டே வாடகைதாரரின் நிலையை ஆட்டங்காணச் செய்துவிடும் என்பதற்கு நெதர்லாந்தின் அண்மைக்கால வரலாறு தெளிவான சான்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் சமூக வாடகை வீடுகளின் பங்கு மிக அதிகமாக உள்ள அந்நாட்டில் 2011 தொடங்கி நடைமுறைக்கு வந்த சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, வாசலில் வைக்கப்பட்ட ஒரு வருமான வரம்பு இரண்டே ஆண்டுகளில் வீட்டுக்குள்ளும் நுழைந்ததையும், அதனால் வரிசையில் காத்திருந்தோருக்கும் பயன் கிட்டாமல் போனதையும் காண முடிகிறது.

சமூக வாடகை வீடு என்பது அங்கே அரசு நேரடியாகக் கட்டி நிர்வகிக்கும் குடியிருப்பு அன்று. இத்தகைய வீடுகளின் மிகப் பெரும்பகுதியைக் கட்டி, பராமரித்து, வாடகைக்கு விடுபவை வீட்டுவசதிக் கழகங்கள். தனியார் சட்டத்தின் கீழ் அமைந்த அறக்கட்டளைகளாகவோ சங்கங்களாகவோ இவை இருந்தாலும், அரசின் அங்கீகாரம் பெற்று, ஈட்டும் உபரியை மீண்டும் வீட்டுவசதிக்கே செலவிடக் கடமைப்பட்டவை. முந்நூறுக்கும் குறைவான இக்கழகங்களின் வசம் சுமார் 23 லட்சம் வீடுகள் உள்ளன. நாட்டின் மொத்த வீடுகளில் இது நான்கில் ஒன்றுக்கும் அதிகம். ஒரு வீடு சமூக வாடகைப் பிரிவில் அடங்குமா என்பது, குடித்தனம் தொடங்கும் நாளில் அதன் மாத வாடகை அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் எல்லைக்குள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 2024-ல் அந்த எல்லை 879.66 யூரோ.

இந்த ஏற்பாட்டின் வேர் 1901-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, 1852-ல், ஆம்ஸ்டர்டாமில் தொழிலாளர்களுக்காக வீடு கட்டும் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது என்றாலும், அங்கீகாரம் பெற்ற சங்கங்களுக்கு அரசுக் கடன் வழங்க வழிசெய்து, அறச்செயலாக இருந்ததைப் பொதுக் கொள்கையாக உயர்த்தியது 1901-ஆம் ஆண்டுச் சட்டமே. மிஷேல் டெ கிளெர்க் வடிவமைத்து, முதல் உலகப் போருக்குப் பின் ஆம்ஸ்டர்டாமில் எழுந்த 'ஹெட் ஸ்கிப்' குடியிருப்பு இன்றும் கட்டடக்கலை மாணவர்கள் தேடிவந்து பார்க்கும் படைப்பாக இருக்கிறது. தொழிலாளி வாடகைக்கு இருக்கும் வீடு அழகாகவும் இருக்க வேண்டும் என்று ஒரு சமூகம் முடிவெடுத்த காலத்தின் சாட்சி அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் இக்கழகங்கள் பெருந்தொகையில் வீடுகளைக் கட்டின. அவற்றில் தொழிலாளியும் எழுத்தரும் ஆசிரியரும் அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னால் வாழ்ந்தனர். 1983-ல் திருத்தி எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, போதிய குடியிருப்பு வசதியை வளர்ப்பது அரசின் அக்கறைக்குரிய கடமை என்று எழுத்திலேயே வைத்தது.

வாடகை எவ்வளவு என்பதை உரிமையாளரின் விருப்பத்துக்கு விடாமல், வீட்டின் தன்மையைக் கொண்டு கணக்கிடும் புள்ளி முறை 1979-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் வழியே உறுதிபெற்றது. அறைகளின் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு புள்ளி, சமையலறைக்கும் குளியலறைக்கும் அவற்றின் வசதிக்கேற்ப இத்தனை புள்ளி, வெப்பத்தை வீணாக்காத கட்டுமானத்துக்கு இத்தனை என்று கூட்டி, கிடைக்கும் மொத்தத்துக்குச் சட்டம் ஓர் உச்ச வாடகையை நிர்ணயிக்கிறது. 2015 முதல் வீட்டின் சந்தை மதிப்பும் இக்கணக்கில் சேர்க்கப்பட்டதால் பெருநகரங்களில் புள்ளிகள் கூடின. அது இம்முறையின் அடிப்படை நோக்கத்துக்கு எதிரான திருத்தம். ஆயினும் முறையின் உயிர்நாடி தப்பிப் பிழைத்தது. வாடகை மிகுதி என்று கருதும் குடியிருப்பாளர், நீதிமன்றம் ஏறாமலேயே, வாடகை ஆணையம் என்னும் சார்பற்ற அமைப்பிடம் 25 யூரோ கட்டணத்தில் முறையிடலாம். குறைந்த வருமானம் உள்ளோருக்கு, வாடகையின் ஒரு பகுதியை ஈடுசெய்யும் உதவித்தொகையை அரசு தனியே வழங்குகிறது. ஆகவே வாடகை வீட்டைப் பொறுத்தது, உதவி ஆளைப் பொறுத்தது என்று இரு பொறுப்புகளும் தனித்தனியே வகுக்கப்பட்டிருந்தன. பின்னர் வந்த கொள்கை கலைத்துப்போட்டது இந்தப் பாகுபாட்டைத்தான்.

வாடகைதாரருக்கு நெதர்லாந்துச் சட்டம் அளித்த பாதுகாப்பின் ஆழத்தை அறிந்தால்தான் இந்த இழப்பின் அளவு புரியும். குடிமைச் சட்டத் தொகுப்பின் ஏழாம் நூலில் ஒரு பகுதி வாடகை ஒப்பந்தங்களைப் பற்றியது. அதன்படி, காலவரையற்ற ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் தாமாக ஒப்புக்கொண்டாலன்றி, உரிமையாளர் நீதிமன்றத்தின் வழியே மட்டுமே ஒப்பந்தத்தை முடிக்க முடியும். அதற்கான காரணங்கள் சட்டத்திலேயே எண்ணி எழுதப்பட்டுள்ளன. அந்தப் பட்டியலில் வாடகைதாரரின் வருமானம் உயர்ந்துவிட்டது என்பது இல்லை. வீடு விற்கப்பட்டாலும் ஒப்பந்தம் முறிவதில்லை. புதிய உரிமையாளர் பழைய ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவராகிறார். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள தொகுதியைப் புதுப்பிக்க உரிமையாளர் விரும்பினால், குடியிருப்போரில் 70 சதவீதத்தினர் இசைந்த பிறகே அத்திட்டம் நியாயமானது என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும்; இசையாதவர் அப்போதும் குறித்த காலத்துக்குள் நீதிமன்றத்தை அணுகலாம். 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குடியிருப்போர் சங்கங்களுக்கு உரிமையாளரிடம் தகவல் கேட்கவும், கொள்கை மாற்றங்களுக்கு முன் கலந்தாலோசிக்கப்படவும் உரிமை அளித்தது. 2015-ல் வீட்டுவசதிச் சட்டம் திருத்தப்பட்டபோது, உள்ளாட்சியும் கழகமும் எத்தனை வீடு, எந்த வாடகையில் என்று ஆண்டுதோறும் செய்துகொள்ளும் உடன்படிக்கையில் குடியிருப்போர் சங்கமும் சமமான மூன்றாம் தரப்பாகக் கையெழுத்திடும் நிலை உருவானது.

இத்தனை உரிமைகளும் ஏட்டில் நின்ற காலத்திலேயே, வெளியிலிருந்து ஒரு மாற்றம் வந்து சேர்ந்தது. கழகங்கள் அரசின் உத்தரவாதத்தோடு மலிவாகக் கடன் பெற்று, நடுத்தர வருமானத்தினருக்கும் வீடு தருவது நியாயமற்ற போட்டி என்று, ஓய்வூதிய நிதிகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் உள்ளடக்கிய முதலீட்டாளர்களின் சங்கம் 2007-ல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் அளித்தது. அந்த ஆணையத்தில் போட்டி விவகாரங்களுக்குப் பொறுப்பாக அப்போது இருந்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த நேலி குரூஸ். ஆணையமும் டச்சு அரசும் பேசி முடித்து, 2009 டிசம்பர் 15-ல் வெளியான தீர்மானம், பொருளாதாரப் பொதுநலச் சேவை என்னும் சட்டக் கருத்தாக்கத்தின் கீழ் அரசு உதவியை அனுமதித்தது. சந்தை தானாக நிறைவேற்றாத சமூகத் தேவையை நிறைவேற்றும் அமைப்புக்கு மட்டும் அரசு ஈடு தரலாம் என்பதே அக்கருத்தாக்கத்தின் சாரம். அதன்படி, காலியாகும் சமூக வாடகை வீடுகளில் 90 சதவீதத்தைக் குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழுள்ளோருக்கே ஒதுக்க வேண்டியிருந்தது. 2011 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டில் அவ்வாண்டின் வரம்பு 33,614 யூரோ.

ஒரு நாட்டின் வீட்டுவசதியில் யாருக்கு இடம் என்பதை நிர்ணயிக்கும் எண், குடியிருப்போரின் தேவையைக் கணக்கிட்டுப் பிறந்ததன்று, முதலீட்டாளர்களின் புகாருக்கு விடையாகப் பிறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆயினும் வாசலில் ஒரு வரம்பு வைப்பதே தவறு என்று வாதிடுவது கடினம். ஆம்ஸ்டர்டாமில் சமூக வாடகை வீட்டுக்குப் பதிவு செய்துகொண்டவர் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்கிறது. காலியாகும் வீடு குறைவாகவும் காத்திருப்போர் மிகுதியாகவும் இருக்கும்போது, சந்தையில் தாமே வழி தேடிக்கொள்ளக் கூடியவரைவிட அது இயலாதவருக்கு முன்னுரிமை தருவது நீதியே. வரம்பின் குற்றம் அதன் இருப்பில் இல்லை, அதன் உயரத்தில் இருந்தது. 2011-ல் 34,000 யூரோ ஈட்டிய செவிலியரோ காவலரோ சமூக வாடகை வீட்டுக்குத் தகுதியற்றவர் ஆனார். அதே ஆண்டில் ஒரு வீட்டின் சராசரி விற்பனை விலை சுமார் 2.4 லட்சம் யூரோவாக இருக்க, ஆண்டு வருமானத்தின் நான்கு முதல் ஐந்து மடங்கு அளவே கடன் தரும் வங்கி விதிகளின்படி அவரால் வாங்கவும் இயலவில்லை. கட்டுப்பாடற்ற வாடகைச் சந்தையில் அவருக்கேற்ற வீடுகளோ மிகச் சொற்பம். அளவுக்கு மீறி ஈட்டுபவர் என்று ஒரு கதவும், போதிய அளவு ஈட்டாதவர் என்று மறுகதவும் அடைத்த இந்த நடுப்பிரிவினரைப் பற்றி அன்றே எச்சரிக்கைகள் எழுந்தன. வரம்பு பின்னர் படிப்படியாக உயர்த்தப்பட்டு, 2022 முதல் தனியாள் குடும்பத்துக்கும் பலர் உள்ள குடும்பத்துக்கும் வேறுவேறாக வகுக்கப்பட்டது; 2024-ல் அது முறையே 47,699 யூரோவும் 52,671 யூரோவும் ஆகும். ஆனால் அதே 2024-ல் வீட்டின் சராசரி விற்பனை விலை 4.5 லட்சம் யூரோவை எட்டியிருந்ததால், வரம்பு உயர்ந்தும் இடைவெளி அகலவே செய்தது.

வாசலில் நிகழ்ந்த இன்னொரு மாற்றமும் குறிப்பிடத்தக்கது. 2016 முதல், வாடகை உதவித்தொகைக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் 95 சதவீதத்துக்கு குறைந்த வாடகைப் படிகளிலுள்ள வீடுகளையே கழகங்கள் ஒதுக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. உதவித்தொகைச் செலவைக் கட்டுப்படுத்துவதும், எளியோர் தாங்க முடியாத வாடகையில் சிக்காமல் காப்பதும் இதன் நோக்கம். இரண்டாவது நோக்கம் ஓரளவு நிறைவேறியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் குறைந்த வாடகை வீடுகள் நகரெங்கும் சீராகப் பரவியிருப்பதில்லை; போருக்குப் பின் விரைந்து கட்டிய அடுக்குமாடிப் பகுதிகளில் அவை குவிந்திருப்பதால், புதிதாக வீடு பெறும் ஏழைக் குடும்பங்கள் மீண்டும் மீண்டும் அதே பகுதிகளுக்கே அனுப்பப்பட்டன. பல வருமானத்தினரும் கலந்து வாழ்ந்த தெருக்கள், வறுமை ஒன்றையே நுழைவுச் சீட்டாகக் கொண்ட தெருக்களாக மாறத் தொடங்கின.

வரம்பு வீட்டுக்குள் நுழைந்தது 2013-ல். மிகுந்த வருமானம் இருந்தும் மலிவு வாடகை வீட்டைவிட்டு நகராதவர்கள் காத்திருப்போரின் வழியை அடைக்கிறார்கள் என்ற வாதத்தை முன்வைத்து, வீட்டுவசதி அமைச்சராக இருந்த ஸ்டெஃப் பிளோக் காலத்தில் வருமானம் சார்ந்த வாடகை உயர்வு சட்டமானது. அவ்வாண்டு ஜூலையில், 33,614 யூரோவுக்குக் கீழுள்ள குடும்பங்களின் வாடகையை 4 சதவீதம் வரையும், அதற்கு மேல் 43,000 யூரோ வரை உள்ளோருக்கு 4.5 சதவீதம் வரையும், அதையும் கடந்தவர்களுக்கு 6.5 சதவீதம் வரையும் உயர்த்த உரிமையாளர்களுக்கு அனுமதி கிட்டியது. ஒரே கட்டடத்தில், ஒரே அளவுள்ள, ஒரே புள்ளிகள் பெற்ற இரண்டு வீடுகளின் வாடகை, உள்ளே வாழ்பவரின் ஊதியச் சீட்டைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு விலகிச் செல்லத் தொடங்கியது இப்படித்தான். 2022-ல் சதவீதக் கணக்கு கைவிடப்பட்டு, நேரடித் தொகையாக மாற்றப்பட்டது: தனியாக வாழ்பவரின் ஆண்டு வருமானம் 56,527 யூரோவைத் தாண்டியிருந்தால் மாத வாடகையில் ஒரே தடவையில் 100 யூரோ வரை ஏற்றலாம், அடுத்த கீழ்ப்படியில் உள்ளோருக்கு 50 யூரோ வரை என்பது அவ்வாண்டின் விதி. புள்ளி முறை நிர்ணயிக்கும் உச்ச வாடகையை எந்த உயர்வும் தாண்டக் கூடாது என்பது மட்டுமே எஞ்சிய காப்பு.

சட்டம் வாடகைதாரரை வெளியேற்றவில்லையே, சற்று மிகுதியாகத்தானே கேட்கிறது என்று இதை நியாயப்படுத்துவோர் உண்டு. ஆனால் நீதிமன்றத்தின் வழியே அடைய முடியாததை வாடகைச் சீட்டின் வழியே அடைவதே இதன் வெளிப்படையான நோக்கம். குடியிருப்பவர் நகர வேண்டும் என்பதற்காகவே உயர்வு விதிக்கப்பட்டது. வெளியேற்றத்துக்கான காரணங்களில் வருமானத்தைச் சேர்க்காத குடிமைச் சட்டத்தை, அதன் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் வலுவிழக்கச் செய்யும் வழி இது. குடியிருப்புப் பாதுகாப்பு என்பது நாளை இந்த வீட்டில் இருப்போம் என்ற உறுதியோடு, நாளை இதற்கு என்ன வாடகை என்ற கணிப்பையும் சேர்த்ததே; இரண்டாவதை எடுத்துவிட்டு முதலாவதை மட்டும் விட்டுவைப்பது பாதிப் பாதுகாப்பாகக்கூட ஆகாது.

வசூலான கூடுதல் தொகை எங்கே போயிற்று என்பதைப் பார்த்தால் நோக்கம் இன்னும் தெளிவாகும். அதே 2013-ல் அரசு உரிமையாளர் வரி ஒன்றை விதித்தது. வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளைப் பெரும் எண்ணிக்கையில் வைத்திருப்போர், அவற்றின் மதிப்புக்கேற்ப ஆண்டுதோறும் கருவூலத்துக்குச் செலுத்த வேண்டிய இவ்வரியின் பெரும்பாரம் இயல்பாகவே கழகங்களின் மீது விழுந்தது. உச்ச நிலையில் அது ஆண்டுக்கு 170 கோடி யூரோ அளவை எட்டியது. இவ்வரியைக் கட்டுவதற்கான வருவாய் கழகங்களுக்கு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடையாகவே வாடகை உயர்வுக்கான அனுமதி வகுக்கப்பட்டிருந்தது. இவ்வாறாக, வருமானம் உயர்ந்த வாடகைதாரரிடம் பெற்ற பணம், காத்திருப்பவருக்கு வீடு கட்டப் பயன்படாமல், நிதி நெருக்கடிக்குப் பிந்தைய வரவு செலவுப் பள்ளத்தை நிரப்பப் போயிற்று. அந்தப் பத்தாண்டில் கழகங்கள் கட்டிய புதிய வீடுகளின் எண்ணிக்கை முன்பிருந்ததில் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. வெஸ்டியா என்னும் பெருங்கழகம் நிதிச் சந்தை ஒப்பந்தங்களில் 200 கோடி யூரோவுக்கு மேல் இழந்த சம்பவம் 2012-ல் வெளிப்பட்டு, கழகங்களின் மீதான பொது நம்பிக்கையைக் குலைத்திருந்ததால், இவ்வரியை எதிர்ப்போரின் குரலும் அன்று வலுவிழந்திருந்தது. அந்த வரி 2023 ஜனவரி 1-ல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்காக வந்த வாடகை விதி நீக்கப்படவில்லை.

வருமானத்தை ஆண்டுதோறும் சோதிப்பதற்கு, யாராவது அதை உரிமையாளருக்குச் சொல்லியாக வேண்டும். வரித் துறை இதைச் செய்தது: வீட்டு முகவரியைக் கொடுத்து உரிமையாளர் கேட்டால், அங்கு வசிக்கும் குடும்பத்தின் வருமானம் எந்தப் படியில் உள்ளது என்னும் குறிப்பு அனுப்பப்பட்டது. சரியான தொகை தெரிவிக்கப்படவில்லை என்றாலும், வரி செலுத்துவதற்காக நம்பி ஒப்படைத்த விவரம் வாடகை வசூலிப்பவரின் கைக்குப் போனது என்பதே குடியிருப்போரின் மறுக்க முடியாத முறையீடு. 2016 பிப்ரவரியில் நாட்டின் உயர் நிர்வாக நீதி அமைப்பான அரசு மன்றம், இவ்வாறு தகவல் தருவதற்கு வரித் துறைக்குப் போதிய சட்ட அடிப்படை இல்லை என்று தீர்ப்பளித்தது. அரசு அத்தீர்ப்பை முறையை மறுபரிசீலனை செய்யும் வாய்ப்பாகக் கொள்ளாமல், அடுத்த சில வாரங்களிலேயே தேவையான சட்டப் பிரிவை இயற்றிப் பழைய வழக்கத்தைத் தொடர்ந்தது.

கணக்கிலேயே உள்ள கோளாறுகளும் சிறியன அல்ல. உயர்வுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுவது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானம். 2013-ன் உயர்வு 2011-ன் ஈட்டலைப் பார்த்தது. ஒப்பந்தப் பணியாளரும் சுயதொழில் செய்வோரும் பெருகியுள்ள ஒரு பொருளாதாரத்தில், நல்ல ஆண்டு ஒன்றின் ஊதியத்துக்கான தண்டனை மோசமான ஆண்டு ஒன்றில் வந்து சேர்கிறது. வருமானம் வீழ்ந்தவர் வாடகையைக் குறைக்கக் கோரலாம் என்று சட்டம் சொல்கிறது. நாட்பட்ட நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விலக்கும் உண்டு. ஓய்வூதிய வயதினரும் நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள குடும்பத்தினரும் 2017-ல் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். ஒரு விதி நடைமுறைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே இத்தனை விலக்குகளை வேண்டி நிற்கிறது என்றால், குறை விளிம்புகளில் இல்லை என்பதுதான் பொருள். அதோடு ஒவ்வொரு விலக்கையும் நிரூபிக்கும் சுமை குடியிருப்பவர் தலையில் விழுகிறது. படிவமும் சான்றும் தேடி அலையத் தெரியாதவர் உயர்வைச் செலுத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்.

வருமானம் உயர்ந்தவர் மக்களின் வரிப்பணத்தில் சலுகை அனுபவிக்கிறார் என்ற குற்றச்சாட்டு இக்கொள்கையின் அறநெறித் தூணாக நிறுத்தப்பட்டது. அதை உண்மையின் முன் வைத்துப் பார்க்க வேண்டும். 1995-ல் அரசு கழகங்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்த மானியங்களையும், கழகங்கள் அரசுக்குத் திருப்ப வேண்டியிருந்த கடன்களையும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டி இரு தரப்பும் கணக்கை முடித்துக்கொண்டன. அதன் பிறகு ஆண்டுதோறும் கட்டட மானியம் எதுவும் கழகங்களுக்குப் போகவில்லை. வாடகை உதவித்தொகை குறைந்த வருமானத்தினருக்கு மட்டுமே உரியது. வரம்பைக் கடந்தவர் அதில் ஒரு சென்ட்கூடப் பெறுவதில்லை. கடன் உத்தரவாதம், நகராட்சி மலிவாகத் தந்த நிலம் ஆகியவற்றின் பயன் அவ்வீட்டில் அடங்கியிருக்கிறது என்பது மெய்தான். ஆனால் அவர் பெறும் சலுகை என்று கணக்கிடப்படுவதன் பெரும்பகுதி, அவர் செலுத்தும் வாடகைக்கும் பற்றாக்குறையால் வீங்கிய சந்தை வாடகைக்கும் உள்ள வேறுபாடே. வீங்கிய விலையை இயல்பான அளவுகோலாகக் கொண்டு, நியாய வாடகை செலுத்துபவரைச் சலுகைக்காரர் என்று பெயரிடுவது ஏற்கத்தக்கதன்று. வீட்டுக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு பெறும் சொந்த வீட்டுக்காரரிடம், ஊதியம் உயர்ந்ததால் வீட்டைக் காலி செய்யும்படி எவரும் கேட்பதில்லை.

குடியிருப்போரின் வருமானத்தை இன்னொரு திசையிலிருந்தும் சோதித்த சட்டம் ஒன்று அதே நாட்டில் உண்டு என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது, சோதனையின் இயல்பு இன்னும் விளங்குகிறது. 2006-ல் நடைமுறைக்கு வந்து, ராட்டர்டாம் சட்டம் என்று மக்கள் வழக்கில் அறியப்பட்ட சட்டம், பின்தங்கிய பகுதிகள் என்று குறிக்கப்பட்ட இடங்களில், உழைப்பின் வழி வருமானம் இல்லாத புதியவர்களுக்கு வாடகைக் குடியேற்ற அனுமதியை மறுக்க நகராட்சிக்கு அதிகாரம் அளித்தது. ராட்டர்டாமின் டார்வவைக் பகுதியில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த, இரு குழந்தைகளின் தாயான ஒருவர், அதே பகுதியில் தம் குடும்பத்துக்கு ஏற்ற இன்னொரு வீட்டுக்கு மாற அனுமதி கேட்டபோது, நகரப் பகுதியில் ஆறாண்டுகள் வசிக்கவில்லை, அரசு உதவித்தொகையே அவருடைய வருமானம் என்ற காரணங்களால் 2007-ல் மறுக்கப்பட்டது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு வரை சென்று, 2017 நவம்பர் 6-ல் பன்னிரண்டுக்கு ஐந்து என்ற பெரும்பான்மையில் நெதர்லாந்து அரசுக்குச் சாதகமாக முடிந்தது. ஆக, ஒரு பகுதியில் வாழ்வதற்கு ஒருவருடைய வருமானம் மிகக் குறைவு என்றும், இன்னொரு வீட்டில் தொடர்வதற்கு இன்னொருவருடைய வருமானம் மிகுதி என்றும் ஒரே அரசு சொல்லிற்று.

மலிவு வீடுகளின் எண்ணிக்கையையே குறைப்பது என்று ராட்டர்டாம் நகராட்சி எடுத்த முடிவு இதன் தொடர்ச்சி. 2030-க்குள் மலிவு வீடுகளில் 20,000 குறைவதை முன்கண்ட நகர வீட்டுவசதித் திட்டத்தின் மீது 2016 நவம்பர் 30-ல் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் பத்தில் ஏழு பேர் எதிர்த்தபோதும், வாக்குப்பதிவு தேவையான 30 சதவீதத்தைத் தொடாததால் அம்முடிவு கணக்கில் கொள்ளப்படவில்லை. நகரின் தென்பகுதியில் உள்ள ட்வேபோஸ்பர்ட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமூக வாடகை வீடுகளை இடித்து, அவற்றைவிடக் குறைந்த எண்ணிக்கையிலேயே சமூக வீடுகளைக் கட்டும் திட்டம், ஐக்கிய நாடுகள் மன்றத்தின் சிறப்பு அறிக்கையாளர்கள் 2021-ல் நெதர்லாந்து அரசிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதும் அளவுக்குச் சென்றது. அவர்களில் ஒருவரும், வீட்டுவசதி உரிமைக்கான அறிக்கையாளருமான பாலகிருஷ்ணன் ராஜகோபால் 2023 டிசம்பரில் நேரில் சென்று ஆராய்ந்து, நெருக்கடிக்குக் காரணம் புலம்பெயர்ந்து வந்தோர் என்ற அரசியல் பேச்சை மறுத்து, கொள்கைத் தவறுகளையே காரணமாகச் சுட்டினார்.

வாசலில் மட்டும் வருமானம் கேட்கும் முறை கற்பனையன்று. வியன்னாவில் நகராட்சிக்குச் சொந்தமான சுமார் 2.2 லட்சம் வாடகை வீடுகள் உள்ளன. அங்கே குடியேறும்போது ஒரு முறை வருமானம் பார்க்கப்படுகிறது. அந்த வரம்பும் தனியாளுக்கே ஆண்டுக்கு 50,000 யூரோ நிகர வருமானத்தைத் தாண்டும் அளவுக்கு உயரமாக இருப்பதால் நகரவாசிகளில் பெரும்பாலோர் தகுதி பெறுகின்றனர். உள்ளே வந்தவரின் ஊதியம் பின்னர் உயர்ந்தால் வாடகை அதனால் உயர்வதில்லை, ஒப்பந்தமும் முடிவதில்லை. இங்கிலாந்து, 2016-ஆம் ஆண்டின் வீட்டுவசதி மற்றும் திட்டமிடல் சட்டத்தின் வழியே, உயர்ந்த வருமானமுள்ள நகராட்சி வாடகைதாரரை, சந்தை வாடகையை நெருங்கிச் செலுத்தக் கட்டாயப்படுத்த முனைந்தது. லண்டனில் அந்த வருமான எல்லை 40,000 பவுண்டு என்றும் அறிவிக்கப்பட்டது. இருவரும் வேலைக்குச் செல்லும் எளிய குடும்பங்களே அதில் சிக்குவர் என்ற எதிர்ப்பு வலுத்ததால், சட்டமான அதே ஆண்டின் நவம்பரில் அரசே அக்கட்டாயத்தைக் கைவிட்டது.

காத்திருக்கும் குடும்பத்தின் பக்கம் நின்று கேட்கப்படும் கேள்விக்கு விடை சொல்லாமல் இவ்வாதம் முழுமை பெறாது. பத்தாண்டு வரிசையில் நிற்கும் இளம் தாய்க்கு, நல்ல ஊதியத்தோடு மலிவு வீட்டில் வாழும் ஒருவர் தடையாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் அவர் நகர வேண்டுமானால் நகர்ந்து போக ஓர் இடம் வேண்டும். கட்டுப்படியாகும் நடுத்தர வாடகை வீடுகளைக் கட்டாமல் வாடகையை மட்டும் உயர்த்தினால், அவர் கூடுதல் தொகையைச் செலுத்திக்கொண்டு அங்கேயே இருப்பார். இளம் தாயும் வரிசையிலேயே இருப்பார். தேவைக்கு மேல் பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியவர் சிறிய வீட்டுக்கு மாற விரும்பினால் பழைய வாடகையையே தொடர அனுமதிக்கும் திட்டங்கள் சில நகரங்களில் உண்டு. ஒருவர் விருப்பத்தோடு நகரும்போது இருவருக்கு வழி பிறக்கிறது. வருமானம் உயர்ந்த குடும்பங்கள் தெருவில் தங்கியிருப்பதால் பள்ளியும் கடையும் குடியிருப்போர் சங்கமும் பெறும் பயனைக் கொள்கை வகுப்போர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சங்கத்தின் பொறுப்பேற்று, கழகத்தோடு உடன்படிக்கை பேச முன்வருவோரில் பலர் நீண்ட காலம் அங்கேயே வாழ்ந்து ஊன்றியவர்களே.

2024 ஜூலை 1 அன்று இரண்டு சட்டங்கள் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. 2016-ல் இரண்டாண்டு வரையிலான தற்காலிக வாடகை ஒப்பந்தங்களுக்குத் திறந்துவிடப்பட்ட வழியை முதலாவது அடைத்து, மாணவர் போன்ற சில பிரிவினருக்கான விதிவிலக்குகள் நீங்கலாக, காலவரையற்ற ஒப்பந்தத்தையே மீண்டும் பொது விதியாக்கியது. இரண்டாவது, 144 முதல் 186 புள்ளிகள் வரை பெறும் நடுத்தர வீடுகளையும் வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, அப்பிரிவின் உச்ச வாடகையை 1,157.95 யூரோ என்று நிர்ணயித்தது. தனியார் உரிமையாளர் சிலர் வீடுகளை விற்கத் தொடங்கியதைக் காட்டி இரண்டாம் சட்டத்தைத் தளர்த்தக் கோரும் குரல்கள் எழுந்துள்ளன. கழகங்களும் நகராட்சிகளும் நடுத்தர வாடகை வீடுகளைக் கட்ட நிலமும் நிதியும் பெற்றால் அக்குரல்களுக்கு அஞ்ச வேண்டியதில்லை. வாடகை வீட்டைப் பொறுத்தது, ஒப்பந்தம் நிலையானது என்னும் பழைய நெறிகளுக்கு இவ்விரு சட்டங்களும் திரும்பியிருக்கின்றன. வருமானம் சார்ந்த வாடகை உயர்வோ இன்னும் சட்டத்தில் இருக்கிறது. எதற்காக அது கொண்டுவரப்பட்டதோ அந்த உரிமையாளர் வரியே இல்லாமல் போன பிறகு, வருமானத்துக்கேற்ப வசூலிக்கும் பொறுப்பை வரித் துறையிடமே விட்டுவிட்டு, அந்த விதியை நெதர்லாந்து நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.